மடக்குக் கத்தியின் பூட்டு ஏன் நழுவுகிறது?

இயந்திரவியல் இறுதியாண்டு மாணவர் ஒருவரின் கேள்வி இது. 80 மி.மீ. நீளம், 3 மி.மீ. தடிமன் உள்ள அலகுக்கு 1.2 மி.மீ. துருவேறா எஃகுத் தகட்டில் அவரே லைனர் லாக், அதாவது பிடியின் உட்தகட்டைக் கீறிச் செய்யும் பூட்டு, செய்திருக்கிறார். அலகின் அடியில் பூட்டு வந்து உட்காரும் முகத்தை 12 பாகையில் உரசியிருக்கிறார். கையால் அழுத்தினால் பூட்டு நிற்கிறது. எண்ணெய் விட்ட பிறகு அலகின் முதுகில் மரத்துண்டால் தட்டினால் நழுவிக் கத்தி மடங்கிவிடுகிறது. தகட்டை 2 மி.மீ. ஆக்கினால் சரியாகுமா, இல்லை வேறு வகைப் பூட்டுக்குப் போக வேண்டுமா என்று கேட்கிறார்.

தகட்டை மாற்ற வேண்டாம். உங்கள் பூட்டு வலுவில்லாமல் தோற்கவில்லை, கோணத்தில் தோற்றிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டூல் ரூமில் வேலை பழகிய காலத்தில் நானும் ஒரு மடக்குக் கத்தி செய்து, அது நழுவியபோது தடித்த தகடு போட்டேன். திறந்து மூடுவது கடினமானது, ஆனால் நழுவல் நிற்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு கயிற்றை அறுக்கும்போது அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். அலகு சுழலும் ஆணியை அச்சாணி என்கிறேன். திறந்த அலகு அதற்கு மேல் போகாமல் தடுப்பது நிறுத்தாணி. பிடியின் உட்தகடான லைனரில் இருந்து கீறிப் பிரித்து, உள்பக்கமாக வளைத்துவிட்ட நாக்குதான் பூட்டுப்பட்டை. அது அலகின் அடியில் மோதி நிற்கும் சாய்வான பரப்பு அடிமுகம். திறந்த கத்தியில் அலகை அசையாமல் பிடிப்பவை அச்சாணி, நிறுத்தாணி, அடிமுகம் ஆகிய மூன்று இடங்கள் மட்டுமே. மற்றதெல்லாம் இந்த மூன்றையும் அவற்றின் இடத்தில் வைத்திருப்பதற்காக.

இப்போது சுமையைக் கணக்கிடுங்கள். அலகின் முனையில், முதுகுப் பக்கத்தில் இருந்து, மடக்கும் திசையில் 5 கிலோ எடை அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். முனைக்கும் அச்சாணிக்கும் 80 மி.மீ. தூரம். பூட்டுப்பட்டை அலகைத் தாங்கும் இடம் அச்சாணியின் மையத்துக்கு 6 மி.மீ. கீழே இருந்தால், பட்டையின் மேல் விழும் அழுத்தம் 5 × 80 ÷ 6, அதாவது சுமார் 67 கிலோ. அதே இடம் 4 மி.மீ. மட்டுமே கீழே இருந்தால் 100 கிலோ. ஆகவே அடிமுகத்தை அச்சாணியில் இருந்து முடிந்தவரை கீழே, கூர்ப்பக்கமாகத் தள்ளி வையுங்கள். செலவில்லாமல் கிடைக்கும் வலு அதுதான். ஆட்டமும் இதே விகிதத்தில்தான் பெருகும். பூட்டில் 0.02 மி.மீ. இடைவெளி இருந்தால் முனையில் அது கால் மி.மீ.க்குச் சற்று மேலாகத் தெரியும். கையில் எடுத்தவுடனே ஆட்டம் தெரிகிறதே, அளந்தால் ஒன்றும் இல்லையே என்று குழம்புகிறவர்கள் இந்தப் பெருக்கலை மறந்துவிடுகிறார்கள்.

67 கிலோவை உங்கள் 1.2 மி.மீ. பட்டை தாங்குமா? தாராளமாகத் தாங்கும். பட்டையின் முனை அடிமுகத்தில் 1 மி.மீ. ஆழத்துக்கு ஏறி, 4 மி.மீ. உயரத்துக்குத் தொட்டால் அழுத்தம் சதுர மி.மீ.க்குச் சுமார் 165 நியூட்டன். பதமாக்கிய ஸ்பிரிங் எஃகுக்கு இது பெரிய சுமை இல்லை. பட்டை 6 மி.மீ. அகலம், 35 மி.மீ. நீளம் என்று கொண்டால், அது நடுவில் வளைந்து நொடிவதற்கே ஏறக்குறைய இதுபோல் இரு மடங்கு சுமை வேண்டும். ஆக உங்கள் கத்தியில் எதுவும் உடையவும் இல்லை, வளையவும் இல்லை. பட்டை முழுசாக இருக்கும்போதே பக்கவாட்டில் வழுக்கி வெளியேறியிருக்கிறது. பிரித்துப் பார்த்தால் பட்டையில் நொறுங்கல் எதுவும் இல்லாமல், அடிமுகத்தில் மட்டும் ஒரு மினுமினுப்பான இழுப்புக்கோடு தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் நான் சொல்வது சரி.

இனி கோணம். பூட்டுப்பட்டை ஓர் ஆப்பு. மரம் பிளக்கும் ஆப்பைச் சரியான சரிவில் செய்தால் அடித்த இடத்தில் நிற்கும், சரிவு கூடிவிட்டால் துள்ளி வெளியே வரும். எல்லை எங்கே என்பதை உராய்வு தீர்மானிக்கிறது. சரிவுக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு உராய்வுக் குணகத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை எவ்வளவு அழுத்தினாலும் ஆப்பு நழுவாது. கூடிவிட்டால், எவ்வளவு தடித்த ஆப்பாக இருந்தாலும் நழுவும். தடிமனுக்கு இந்தச் சமன்பாட்டில் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பலரும் விட்டுவிடும் ஒரு நுணுக்கம் இங்கே இருக்கிறது. பட்டை நேர்கோட்டில் நகர்வதில்லை. அதன் வேர்ப்பகுதியைச் சுற்றி ஒரு வில்லில் ஆடுகிறது. அலகைப் பூட்டி நிற்கும்போது பட்டையின் முனை, லைனரின் தளத்தில் இருந்து உள்ளே தள்ளி நிற்கும். இடையில் உள்ள வாஷரின் 0.5 மி.மீ., அலகின் மேல் ஏறிய 1 மி.மீ. என்று மொத்தம் 1.5 மி.மீ. என்று கொள்வோம். 35 மி.மீ. நீளப் பட்டையில் இது சுமார் 2.5 பாகைச் சாய்வு. அடிமுகம் பட்டையைத் தள்ளும் திசை அந்தச் சாய்வுக் கோட்டின் வழியாகவே போய் வேரில் முடிந்தால், வெளியே தள்ளும் விசையே இருக்காது. அதனால் உராய்வு தாங்க வேண்டியது அடிமுகக் கோணம் முழுவதையும் அல்ல. அதில் இருந்து இந்த 2.5 பாகையைக் கழித்து வருவதை மட்டுமே.

உங்கள் 12 பாகையில் இதைக் கழித்தால் 9.5. அதன் டேன்ஜென்ட் ஏறக்குறைய 0.17. தேய்த்து வழவழப்பாக்கிய எஃகும் எஃகும் எண்ணெய் இல்லாமல் தொடும்போது உராய்வுக் குணகம் 0.15, 0.2 என்ற அளவில் இருக்கும். எண்ணெய் பட்டால் 0.1 பக்கம் இறங்கிவிடும். நீங்கள் எல்லைக்கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தீர்கள், எண்ணெய் உங்களைத் தள்ளிவிட்டது. கையால் அழுத்தும்போது நின்றது ஏன் என்றால், காய்ந்த பரப்பில் உராய்வு கொஞ்சம் மிச்சம் இருந்தது, பட்டையின் வில் இழுப்பும் துணை நின்றது. தட்டும்போது பட்டை ஒரு கணம் அதிர்ந்து எழும்புகிறது; அந்தக் கணத்தில் உராய்வை நம்ப முடியாது.

கோணத்தை 8 பாகைக்குக் கொண்டு வாருங்கள். கழித்தால் 5.5, டேன்ஜென்ட் 0.1க்குச் சற்றுக் கீழே. காய்ந்த பரப்பில் நல்ல மிச்சம் இருக்கும். கத்தி செய்கிறவர்களில் பெரும்பாலோர் 7 முதல் 10 பாகைக்குள்தான் நிற்கிறார்கள்.

அப்படியானால் 5 பாகை இன்னும் நல்லதல்லவா என்று கேட்பீர்கள். அங்கே தேய்மானம் குறுக்கே வருகிறது. அடிமுகம் 0.1 மி.மீ. தேய்ந்தால், அந்த இடைவெளியை அடைக்கப் பட்டை உள்ளே நகர வேண்டும். அந்த 2.5 பாகையைக் கழித்தே கணக்கிட்டால், 12 பாகையில் சுமார் 0.6 மி.மீ. நகர்ந்தால் போதும். 8 பாகையில் 1 மி.மீ., 6 பாகையில் 1.6 மி.மீ. ஆகிவிடும். உங்கள் அலகு 3 மி.மீ. தடிமன், பட்டை புதிதில் 1 மி.மீ. ஏறி நின்றால், அலகின் எதிர் ஓரத்தை எட்டுவதற்கு முன் மிஞ்சுவது 2 மி.மீ. அதாவது 8 பாகையில் இந்தப் பூட்டின் மொத்த ஆயுள் 0.2 மி.மீ. தேய்மானம். 5 பாகையில் அது பாதிக்கும் கீழே போய்விடும். இன்னொரு தொல்லையும் உண்டு. கோணம் குறையக் குறைய ஆப்பு இறுகிக்கொள்ளும், திறக்கக் கட்டைவிரல் நகம் பெயரும். டைட்டானியப் பட்டையில் இது இன்னும் மோசம், ஏனென்றால் டைட்டானியம் எஃகின் மேல் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் குணம் உடையது. ஆகவே 8 பாகையை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். நழுவலுக்கும் தேய்மானத்துக்கும் நடுவில் நீங்கள் பேசி முடித்த ஓர் ஒப்பந்தம் அது. பட்டை நீளமும் வாஷர் தடிமனும் மாறினால் மறுபடி கணக்கிட வேண்டும்.

தேய்மானத்தைக் குறைக்கும் வழி கடினத்தன்மையிலும் பரப்பின் நேர்த்தியிலும் இருக்கிறது. கொல்லுப்பட்டறையில் துவைச்சல் என்பார்களே, அந்தப் பதமாக்கலுக்குப் பிறகு அலகு, கடினத்தன்மையைக் குறிக்கும் ராக்வெல் சி அளவில் 58 முதல் 60 வரை இருக்கட்டும். பட்டை 40 முதல் 45 போதும். அதற்கு மேல் போகப் போக நொறுங்கும் தன்மை கூடி வேரில் விரிசல் விடலாம். அடிமுகத்தைப் பதமாக்கிய பிறகே இறுதியாக உரசுங்கள். முன்பே உரசினால் உலையில் நெளிந்து கோணம் மாறிவிடும். கோணம் வைக்கக் கையை நம்பாதீர்கள். 8 பாகைக்கு ஒரு சிறிய சாய்வுக்கட்டையை மில்லிங்கில் வெட்டிக்கொண்டு அதன் மேல் அலகைக் கட்டி உரசினால் ஒவ்வொரு முறையும் ஒரே கோணம் வரும். பிறகு 400, 800, 1200 என்று உப்புத்தாளை மாற்றி, சரிவின் திசையிலேயே தேயுங்கள். பிசிறு ஒன்று நின்றாலும், முதல் ஐம்பது முறை திறப்பதற்குள் அது மழுங்கிப் பட்டை அரை மி.மீ. உள்ளே போய்விடும், நீங்கள் தேய்மானம் என்று பயப்படுவீர்கள்.

கடைசியில் அடிமுகத்தில் கறுப்பு மார்க்கர் பூசிப் பத்து முறை பூட்டித் திறந்து பாருங்கள். மை அழிந்த இடம்தான் உண்மையில் தொடும் இடம். அது அச்சாணியில் இருந்து தொலைவில், கீழ்ப்பகுதியில் தொடங்க வேண்டும். மேலே, அச்சாணிக்கு அருகில் மட்டும் அழிந்திருந்தால் நீங்கள் 6 மி.மீ. என்று வரைந்த நெம்புகோல் உண்மையில் 3 மி.மீ.தான். உடனே பட்டையின் முனையை மேல்பகுதியில் அரத்தால் மயிரிழை எடுத்துத் திருத்துங்கள்.

அச்சாணித் துளையை டிரில்லோடு விடாமல், துளையின் அளவைத் துல்லியமாக்கும் ரீமர் போட்டு முடியுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் மற்ற எல்லா அளவுகளும் பொய்யாகிவிடும். நிறுத்தாணியையும் பதமாக்கிய கம்பியில் செய்யுங்கள். மெத்தென்ற ஆணி குழிந்தால், பூட்டு தேய்ந்ததாகவே வெளியில் தெரியும்.

மூடிய நிலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சட்டைப்பையில் தானாகத் திறக்கும் கத்தி, தானாக மடங்கும் கத்தியைவிடக் குறைந்த ஆபத்து அல்ல. பட்டையில் 1.5 மி.மீ. குண்டு ஒன்றைப் பதித்து, அலகின் அடியில் அதற்கு ஒரு குழி போடுவது வழக்கம். குழியை எங்கே போடுவது என்பதில்தான் சூட்சுமம். அலகு முழுதும் மூடிய நிலையில் குண்டு குழியின் நடுவில் உட்காரக் கூடாது. உட்காரும் வழியில், குழியின் விளிம்பிலேயே சற்று நிற்க வேண்டும். அப்போதுதான் அது அலகை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும்.

லைனர் லாக்கை இன்றைய வடிவுக்குக் கொண்டு வந்தவர் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர், 1980களின் தொடக்கத்தில். லைனரைக் கீறிப் பூட்டாக்கும் யோசனை 1906ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் காப்புரிமையில் வந்துவிட்டது. வாக்கர் செய்தது, முதுகில் இருந்த கனத்த ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டு, நிறுத்தாணி, ஆப்பு, குண்டு ஆகிய மூன்றையும் ஒன்றுசேர்த்தது. தேய்ந்தால் தானே உள்ளே நகர்ந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும் பூட்டு அப்படித்தான் கிடைத்தது. அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய கிறிஸ் ரீவ், 1990 வாக்கில் செபென்சா என்ற கத்தியில், லைனருக்குப் பதிலாகத் தடித்த டைட்டானியப் பிடியையே கீறிப் பூட்டாக்கினார். செபென்சா என்றால் சூலு மொழியில் வேலை. அந்த வகையில் கை இறுகப் பிடிக்கும்போது விரல்கள் பட்டையைப் பூட்டும் திசையிலேயே அழுத்துகின்றன. உங்கள் அடுத்த கத்தியில் அதை முயலலாம். கோணக் கணக்கு மாறாது.

வேறு வகைக்கு மாறலாமா என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முதுகுப் பூட்டு, அதாவது பிடியின் முதுகில் நீண்ட நெம்புகோல் ஒன்று அலகின் அடியில் உள்ள வெட்டில் விழுந்து பூட்டுவது, அமெரிக்காவின் பக் என்ற கத்தி நிறுவனத்தின் 110 கத்தியால் 1964 முதல் உலகெங்கும் பரவியது. இதில் பக்கவாட்டு நழுவல் இல்லை. ஆனால் வெட்டின் இரு சுவர்களும் நெம்புகோலின் மூக்கும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். கையால் அரத்தில் பொருத்துகிறவருக்கு இது கடும் சோதனை. இறுகப் பிடிக்கும்போது உள்ளங்கை நெம்புகோலை அமுக்கிப் பூட்டைத் திறந்துவிடும் ஆபத்தும் உண்டு. அதற்காகவே சில கத்திகளில் அமுக்கும் இடத்தைக் குழியாகத் தோண்டியிருப்பார்கள். ஆண்ட்ரூ டெம்கோ வடிவமைத்து கோல்ட் ஸ்டீல் நிறுவனத்தின் கத்திகளில் வரும் ட்ரை-ஆட் என்ற முதுகுப் பூட்டு வகையில், நெம்புகோலுக்கும் அலகுக்கும் நடுவில் தனியாக ஒரு நிறுத்தாணி நின்று சுமையை வாங்கிக்கொள்கிறது. நெம்புகோலின் அச்சு சுமையில் இருந்து தப்புகிறது. படித்துப் பார்க்க வேண்டிய வடிவமைப்பு.

பெஞ்ச்மேட் என்ற கத்தி நிறுவனம் 1998இல் கொண்டு வந்த ஆக்சிஸ் வகையில், குறுக்கே ஓடும் ஓர் உருளைக்கம்பி அலகின் அடிக்கும் நிறுத்தாணிக்கும் இடையில் ஆப்பாக நுழைகிறது. இரண்டு கைகளுக்கும் வசதி, மூடும்போது விரல் அலகின் பாதையில் வராது. ஆனால் இரண்டு மெல்லிய கம்பி ஸ்பிரிங்குகளைச் சீராக வளைத்துப் பதமாக்குவது முதல் கத்திக்கான வேலை இல்லை.

உங்களிடம் சாய்வுக்கட்டை வெட்ட மில்லிங் வசதி இல்லையென்றால், நான் மனதார சொல்வது ஒபினெல் வழி. பிரான்சின் சவோய் பகுதியில் 1890 முதல் செய்யப்படும் எளிய மரப்பிடிக் கத்தி அது. 1955இல் மார்செல் ஒபினெல் அதன் கழுத்தில், ஓரிடத்தில் பிளவு விட்ட ஒரு சுழலும் வளையத்தைச் சேர்த்தார். பிளவு அலகுக்கு நேரே இருந்தால் அலகு மடங்கும், வளையத்தைத் திருப்பிவிட்டால் மடங்காது. ஆப்புக் கணக்கும் வேண்டாம், மயிரிழைப் பொருத்தமும் வேண்டாம். ஒரு கையால் பூட்ட முடியாது என்பது மட்டும்தான் குறை. தோட்ட வேலைக்கும் சமையலுக்கும் அது குறையே இல்லை.

பூட்டே இல்லாமல் முதுகு ஸ்பிரிங் மட்டும் உள்ள பேனாக்கத்தி வகையையும் ஒதுக்கிவிடாதீர்கள். பிரிட்டனில், வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத பூட்டில்லாத மடக்குக் கத்தியை இன்ன காரணம் என்று சொல்லாமலேயே வெளியில் எடுத்துச் செல்லலாம். பூட்டு இருந்தால் தக்க காரணம் காட்ட வேண்டும். யாருக்காகச் செய்கிறீர்களோ அவர் இருக்கும் இடத்தின் சட்டத்தை வரைபடத்துக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

சோதனைகளைக் கூர் தீட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மழுங்கிய அலகின் மேல் நாடாவும் சுற்றி, பிடியை வைஸில் மரத்தாடைகளுக்கு நடுவே கட்டி, முதுகு மேலே பார்க்கும்படி வைத்து, முனையில் இருந்து வாளியைத் தொங்கவிட்டு ஒவ்வொரு லிட்டராகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ. ஒவ்வொரு முறையும் பட்டையின் முனை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சுமை கூடும்போது அது அசையாமல் நிற்கலாம், சற்று உள்ளே நகரலாம். மயிரிழை அளவுக்கு வெளியே வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டுக் கோணத்தைத் திருத்துங்கள். வாளியைத் தாங்கிய பிறகு மரத்துண்டால் முதுகில் தட்டுங்கள், சம்மட்டியால் வேண்டாம். ஓங்கி அடித்தால் எந்தப் பூட்டும் ஒருநாள் விடும். அதில் இருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. பிறகு அடிமுகத்தில் வேண்டுமென்றே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு முழுச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். உங்கள் கத்தியைப் பயன்படுத்தப்போகிறவர் என்றாவது ஒருநாள் அங்கே எண்ணெய் விடத்தான் போகிறார்.

அதில் தேறிவிட்டால் எண்ணெயை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, அச்சாணிக்கு மட்டும் ஒரு சொட்டு விட்டு, அதன் பிறகு கூர் தீட்டுங்கள்.